வேதப் புத்தகம் யார் கையில்?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே,

இன்றைய வகுப்புக்கு இந்த விஷயத்தை நாமாகத் தேடி எடுக்கவில்லை. ஆலை வாசலிலிருந்து அதுவே நம்மைத் தேடி வந்திருக்கிறது. குர்ஆனிலிருந்து சில வசனங்களை மட்டும் கத்தரித்து எடுத்து, “பார்த்தாயா, இவர்கள் வேதமே வெட்டச் சொல்கிறது” என்று ஒரு செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. அதற்குச் சரியான பதில் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இன்னொருவர் பைபிளிலிருந்து நான்கு வசனங்களை எடுத்து வீசுகிறார். அடுத்தடுத்த தறியில் நின்று வேலை செய்த இரண்டு பேர் மறுநாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கூலி உயர்வு கேட்டுக் கொடுத்த மனு மானேஜர் மேஜையில் தூங்குகிறது. அதை எழுப்புவதற்கு ஆளில்லை. எல்லோரும் வேத விசாரணையில் இறங்கிவிட்டார்கள்!

சரி, விசாரணை என்று வந்துவிட்டது. நாமும் விசாரிப்போம். ஆனால் முழுதாக விசாரிப்போம்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வசனங்கள் இருக்கின்றன. குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் ஐந்தாம் வசனம், குறித்த மாதங்கள் கழிந்த பிறகு இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லுமாறு கூறுகிறது. அதே அத்தியாயத்தின் 29-ஆம் வசனம், வேதம் பெற்ற மற்றவர்களோடு அவர்கள் பணிந்து வரி செலுத்தும்வரை போரிடச் சொல்கிறது. பைபிளிலும் இருக்கின்றன. உபாகமம் 20-ஆம் அதிகாரம் சில நகரங்களில் மூச்சுள்ள எதையும் உயிரோடு விடக்கூடாது என்கிறது. முதலாம் சாமுவேல் 15-ஆம் அதிகாரம் அமலேக்கியரில் ஆணையும் பெண்ணையும் பால்குடிக் குழந்தையையும் விட்டுவைக்காதே என்கிறது. சமாதானத்தை அல்ல, பட்டயத்தையே கொண்டுவந்தேன் என்ற பொருளில் இயேசு சொன்னதாக மத்தேயு 10-ஆம் அதிகாரத்திலும் ஒரு வாக்கு இருக்கிறது.

இதைக் கண்டதும் இரண்டு பேர் எழுந்து நிற்கிறார்கள். ஒருவர் சொல்கிறார்: “புத்தகம் கெட்டது, ஆகவே அதைக் கும்பிடுகிறவன் கெட்டவன்.” மற்றவர் சொல்கிறார்: “வேதத்தில் அன்பைத் தவிர எதுவுமே இல்லை, விஷயம் தெரியாதவர்கள் உளறுகிறார்கள்.” இரண்டு பேரும் புத்தகத்தையே உற்றுப் பார்க்கிறார்கள். அதைப் பிடித்திருக்கிற கையைப் பார்ப்பதில்லை. நாம் கையைப் பார்க்கப் பழகியவர்கள். சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, எழுதியவன் யார் என்றும் கேட்கத் தெரிந்தவர்கள். அந்தக் கேள்வியோடு சரித்திரத்துக்குள் போவோம்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், 1525-ல், ஜெர்மன் நாட்டு விவசாயிகள் எழுந்தார்கள். அவர்கள் பட்ட பாடு உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. காட்டில் விறகு பொறுக்கினால் குற்றம். ஆற்றில் மீன் பிடித்தால் குற்றம். பொது மேய்ச்சல் நிலத்தைப் பிரபு வளைத்துக்கொண்டான். குடியானவன் செத்தால், கதறி அழும் விதவையின் வாசலுக்கு வந்து வரி பிடுங்கினார்கள். இதை எதிர்த்து மெம்மிங்கன் என்ற ஊரில் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவர் செபாஸ்டியான் லோட்சர், தோலாடை தைக்கும் தொழிலாளி. ஆடு மேய்ப்பவனையும் அரசனையும் கிறிஸ்து ஒரே இரத்தத்தால் மீட்டிருக்கும்போது நாங்கள் மட்டும் எப்படிப் பண்ணையடிமைகள் என்று அந்தக் கோரிக்கைகள் கேட்டன. இவற்றில் எதுவாவது வேதத்துக்கு விரோதம் என்று காட்டினால் வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்றும் சொல்லின. பாருங்கள் தோழர்களே, கோரிக்கை மனுவிலேயே சவால்!

அவர்கள் கையில் வேதம் எப்படி வந்தது? மார்ட்டின் லூதர் என்ற பாதிரியார் 1522-ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். ரோமாபுரிப் போப்பை எதிர்த்து நின்ற மனிதர் அவர். விவசாயி நம்பினான், இவர் நம் பக்கம் நிற்பார் என்று. லூதர் முதலில் இரு தரப்புக்கும் புத்தி சொன்னார். பிரபுக்களையும் கண்டித்தார். ஆனால் கலகம் பரவி அரண்மனைகள் எரியத் தொடங்கியதும், 1525 மே மாதத்தில், விவசாயிகளை வெறிநாய்களுக்கு ஒப்பிட்டு, இயன்றவர்கள் எல்லோரும் அவர்களை வெட்டலாம், குத்தலாம் என்று பிரசுரம் எழுதினார். எந்த ஆதாரத்தின் மேல்? ரோமர் 13-ஆம் அதிகாரத்தின் மேல். அதிகாரம் தேவனால் வந்தது, அதிகாரி பட்டயத்தை வீணாகப் பிடித்திருக்கவில்லை என்பது அந்த அதிகாரத்தின் கருத்து.

இன்னொரு பாதிரியாரும் இருந்தார். பெயர் தாமஸ் முன்ட்சர். செம்புச் சுரங்கத் தொழிலாளிகளும் ஏழை நெசவாளிகளும் அவர் பேச்சைக் கேட்கத் திரண்டார்கள். 1524 ஜூலை 13-ஆம் தேதி ஆல்ஸ்டெட் கோட்டையில், சாக்சனி பிரபுக்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டு அவர் பிரசங்கம் செய்தார. அவர் எடுத்ததும் அதே ரோமர் 13-ஆம் அதிகாரம்தான்! பட்டயம் உங்களிடம் தரப்பட்டது நல்லவர்களைக் காக்கவும் தீயவர்களைத் தண்டிக்கவும்; அதைச் செய்யாவிட்டால் பட்டயம் உங்களிடமிருந்து பிடுங்கப்படும் என்றார். ‘என் பகைவரைக் கொண்டுவந்து என் முன்னே வெட்டுங்கள்’ என்ற பொருள்படும் லூக்கா 19-ஆம் அதிகார வசனத்தையும் எடுத்தார். அவர் பேசியதும் சாந்தமான பேச்சல்ல. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஒரே புத்தகம். ஒரே அதிகாரம். ஒரே பட்டயம். ஒருவர் அதைப் பிரபுவின் கையில் கொடுத்தார், மற்றவர் விவசாயியின் கையில் கொடுத்தார். வசனம் மாறவில்லை. வயலும் காடும் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் நிற்கிற இடம் மாறியது.

முடிவையும் கேளுங்கள். 1525 மே 15-ல் பிராங்கன்ஹவுசன் என்ற இடத்தில் விவசாயிகளின் படை நசுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தார்கள். நசுக்கியவர்கள் யார்? லூதர் பக்கம் சேர்ந்த ஹெஸ்ஸெ பிரபு பிலிப்பும், லூதரைக் கண்டாலே ஆகாத கத்தோலிக்க சாக்சனி பிரபு ஜார்ஜும் தோளோடு தோள் நின்று நசுக்கினார்கள்! வேத வியாக்கியானத்தில் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. விவசாயியை வெட்டுவதில் ஒத்துப்போயிற்று. மே 27-ல் முன்ட்சரின் தலை துண்டிக்கப்பட்டது. அந்தப் போர் முழுவதிலும் 70,000 முதல் 1,00,000 பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். எங்கெல்ஸ் 1850-ல் இந்தப் போரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். மதச் சண்டை என்று வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்ததற்கு அடியில் வர்க்கச் சண்டை கிடந்ததை அவர் தோண்டி எடுத்துக் காட்டினார்.

அடுத்து ஜமைக்கா தீவுக்குப் போவோம். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தவர்களை வெள்ளைத் துரைமார் அங்கே அடிமைகளாக வேலை வாங்கினார்கள். 1807-ல் லண்டனில் ஒரு விசித்திரமான பைபிளை அச்சிட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காகவே தயாரித்த பைபிள்! பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதியையும் புதிய ஏற்பாட்டில் ஏறக்குறையப் பாதியையும் வெட்டிவிட்டார்கள். எதை வெட்டினார்கள்? எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள் விடுதலை பெற்று வெளியேறிய கதையை வெட்டினார்கள். எதை விட்டுவைத்தார்கள்? வேலைக்காரர் எஜமானுக்குப் பயந்து கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் வசனத்தை விட்டுவைத்தார்கள்.

கவனியுங்கள், தோழர்களே. ஆளும் வர்க்கம் வேதத்தின் மேல் கத்தரிக்கோலை வைத்தபோது, அதற்கு அபாயமாகத் தோன்றியது கொலை வசனம் அல்ல. விடுதலை வசனம்!

ஆனால் கத்தரிக்கோலால் முடிந்ததா? ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் என்ற அடிமை இருந்தார். படிக்கத் தெரிந்தவர், பாப்டிஸ்ட் சபையில் ஊழியர். பத்திரிகை படித்தார், பைபிளும் படித்தார். இரண்டு எஜமான்களுக்கு ஒருவன் ஊழியம் செய்ய முடியாது என்ற கருத்தை வேதத்திலிருந்து எடுத்துத் தம் மக்களிடம் சொன்னார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் கூலி கொடுத்தால்தான் வேலை என்று உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். ஆம், வேலைநிறுத்தம்! 1831 டிசம்பர் 27 அன்று தோட்டங்கள் தீப்பிடித்தன. வேலைநிறுத்தம் கலகமாயிற்று. பல்லாயிரம் அடிமைகள் அதில் சேர்ந்தார்கள். பட்டாளம் வந்தது. 300-க்கு மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டும் சுட்டும் கொன்றார்கள். 1832 மே 23-ல் ஷார்ப்பும் தூக்கிலேறினார். மறு ஆண்டே, 1833-ல், பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

இப்போது இஸ்லாத்தின் பக்கம் வருவோம். அந்த ஒன்பதாம் அத்தியாயத்து ஐந்தாம் வசனத்தைக் கத்தரித்து அனுப்புகிறவர்கள், அதற்கு முந்தைய நான்காம் வசனத்தை அனுப்புவதில்லை. உடன்படிக்கையை மீறாதவர்களிடம் உடன்படிக்கையைக் காப்பாற்றுங்கள் என்பது அது. அடுத்த ஆறாம் வசனத்தையும் அனுப்புவதில்லை. எதிர்த்தரப்பில் ஒருவன் அடைக்கலம் கேட்டால் அடைக்கலம் கொடுத்து, அவனைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது அது. அரபு நாட்டில் உடன்படிக்கைகள் முறிந்த ஒரு போர்க்காலத்தின் பேச்சு இது என்று பல அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நாமும் பாதி உண்மைதான் சொன்னவர்களாவோம். இந்த ஒரு வசனம், பொறுமையையும் சமாதானத்தையும் போதிக்கும் நூற்றுக்கு மேற்பட்ட வசனங்களை ரத்து செய்துவிட்டது என்று எழுதிவைத்த பழைய சட்ட அறிஞர்களும் இருந்தார்கள். அது எந்தக் காலம்? கலீபாக்களின் ஆட்சி பெரும் சாம்ராஜ்யமாக விரிந்து, எல்லையில் படையும் உள்ளே நிலவரியும் தேவைப்பட்ட காலம். சாம்ராஜ்யத்துக்குப் போர் வேண்டும். போருக்கு வசனம் வேண்டும். ஜெருசலேமைப் பிடிக்க 1095-ல் சிலுவைப் போருக்கு அழைத்த போப்புக்கும் வசனம் கிடைக்காமல் போகவில்லை.

இதெல்லாம் பின்னால் வந்த சங்கதி என்று நினைக்காதீர்கள். நபிகள் மறைந்து 25 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 657-ல் யூப்ரடீஸ் நதிக்கரையில் சிப்பீன் என்ற இடத்தில் கலீபா அலியின் படையும், சிரியாவின் கவர்னர் முஆவியாவின் படையும் மோதின. முஆவியாவின் ஆட்கள் குர்ஆன் ஏடுகளை ஈட்டி முனையில் உயர்த்தி, இதுவே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார்கள். அலி மத்தியஸ்தத்துக்கு இசைந்தார். உடனே அவர் படையிலேயே ஒரு கூட்டம், தீர்ப்புச் சொல்லும் உரிமை இறைவனுக்கு மட்டுமே என்று கூவிப் பிரிந்தது. அதற்கு அலி சொன்ன பதிலின் சாரத்தை இஸ்லாமிய வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே இருக்கும் எழுத்துக்கு வாய் கிடையாது. அதன் பேரால் பேசுவது மனிதர்கள்தாம் என்பது அந்தச் சாரம். பிரிந்து போன கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன்தான் 661-ல் அலியைக் கொன்றான். வசனத்தைச் சொல்லியே கொன்றான். கொல்லப்பட்டவர் நபிகளின் மருமகன்!

நம் காலத்துக்கு வாருங்கள். 1979-ல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் சென்ற பின், அமெரிக்க ஏகாதிபத்தியம் அந்தப் படையை எதிர்த்த கூட்டங்களுக்குத் துப்பாக்கி கொடுத்தது உங்களுக்குத் தெரியும். பாடப்புத்தகமும் கொடுத்தது தெரியுமா? அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் ஒன்றில் அவை தயாராயின. 1984 முதல் 1994 வரை ஆப்கன் கல்விப் பணிக்கென்று அமெரிக்க சர்க்காரின் உதவி நிறுவனம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது 5 கோடியே 10 லட்சம் டாலர். குழந்தைகள் எண்ணக் கற்றுக்கொள்ளத் துப்பாக்கிக் குண்டும் டாங்கியும் படம் போட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஜிகாத் பேச்சு. பின்னால் தாலிபான்களும் அதே புத்தகங்களைப் பயன்படுத்தினார்கள். மனித முகங்களை மட்டும் மை பூசி மறைத்தார்கள். வாஷிங்டனில் இருப்பவர்களுக்குக் குர்ஆன் மேல் திடீரென்று பக்தி வந்துவிட்டதா? பணம் போட்டவன் தனக்கு வேண்டிய வரியை அடிக்கோடிட்டான், அவ்வளவுதான்.

2014-ல் ஈராக்கில் மோசுல் நகரைப் பிடித்த ஐ.எஸ். கூட்டம் எண்ணெய் விற்றது. யாசிதிப் பெண்களை அடிமைகளாகச் சந்தையில் விற்றது. அதற்கும் வேத ஆதாரம் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் பல நாடுகளைச் சேர்ந்த 120-க்கு மேற்பட்ட முஸ்லிம் அறிஞர்கள் அந்தக் கூட்டத்தின் தலைவனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார்கள். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்துத் தீர்ப்புச் சொல்லாதே என்பது அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று. குர்ஆனைப் படித்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்களா? இல்லையே!

இந்தியாவுக்கு வருவோம். 1985 மார்ச்சில் கல்கத்தா ஹைகோர்ட்டில் ஒரு மனு. குர்ஆன் வன்முறையைத் தூண்டுகிறது, அதைத் தடை செய்ய வேண்டும் என்று. அப்போது மேற்கு வங்கத்தில் ஜோதிபாசு தலைமையிலான இடது முன்னணி ஆட்சி. சர்க்கார் அந்த மனுவை எதிர்த்து நின்றது. மே 17-ல் கோர்ட்டு மனுவைத் தள்ளியது. ஆனால் அதற்குள் எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தில், அந்த மனுவைக் கண்டித்து மே 11-ல் கூடிய மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 2021-ல் மீண்டும் ஒரு மனு, இந்த முறை சுப்ரீம் கோர்ட்டில். 26 வசனங்களை நீக்க வேண்டும் என்று. ஏப்ரல் 12-ல் கோர்ட்டு அதைத் தள்ளி, மனுதாரருக்கு 50,000 ரூபாய் அபராதமும் போட்டது.

நாம் என்ன சொல்கிறோம்? வசனத்தைக் கத்தரித்தால் வன்முறை போய்விடுமா? 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, எந்தக் குர்ஆனைப் படித்து எரித்தார்கள்? எந்தப் பைபிளைப் படித்து எரித்தார்கள்? அறுவடைக்குக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்டதும், செங்கொடி பிடித்ததும்தான் அந்தக் கூலி மக்கள் செய்த குற்றம். கொலைக்குக் காரணம் வேண்டுமென்றால் நிலப்பிரபுவுக்கு நெற்குதிர் போதும்.

“அப்படியானால் அந்த வசனங்களுக்குப் பொறுப்பே கிடையாதா? யாராவது கெட்டவன் பயன்படுத்தினான் என்று சொல்லித் தப்பித்துவிடலாமா?” என்று ஒரு தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. தப்பிக்க முடியாது. வீட்டில் மண்ணெண்ணெய் இருக்கிறது என்றால், தீக்குச்சி கிழிக்கிறவன்தான் குற்றவாளி. ஆனாலும் மண்ணெண்ணெயைக் குழந்தை கைக்கு எட்டும்படி வைத்திருக்கக் கூடாது. ஆகவே நம்பிக்கையுள்ள தோழர்கள் தம் ஜனங்களிடம் துணிந்து சொல்ல வேண்டும்: “இந்த வசனம் இருக்கிறது. அது அன்றைய போரின் வசனம். இன்று என் அண்டை வீட்டான் மேல் அது செல்லாது.” இது நடக்காத காரியமல்ல. அடிமை வைத்துக்கொள்வதை இரண்டு வேதங்களும் தம் காலத்து நடைமுறையாக ஏற்றுக்கொண்டுதான் பேசின. பின்னால் கிறிஸ்தவ நாடுகளிலும் முஸ்லிம் நாடுகளிலும் அடிமை முறையை ஒழிக்கச் சட்டங்கள் வந்தன. சவூதி அரேபியா 1962-லும் மொரிட்டானியா 1981-லும் அதைச் சட்டப்படி ஒழித்தன. வேதத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. படிக்கும் மனிதர்கள் மாறினார்கள். போராட்டம் அவர்களை மாற்றியது.

வசனம் சொல்லிக் கொலை செய்கிறவன் கொலைகாரனே. அவனை எந்த மதத்தின் பேராலும் நாம் மன்னிப்பதில்லை. ஆனால் அவன் பழியைச் சுமந்துகொண்டு உன் பக்கத்துத் தறிக்காரன் நிற்க வேண்டியதில்லை. இந்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: சூத்திரனுக்கும் பஞ்சமனுக்கும் சாஸ்திரங்கள் விதித்த தண்டனைகளைக் காட்டி, “உன் வேதம் இது, ஆகவே நீ இப்படிப்பட்டவன்” என்று ஒருவன் உன்னை அளந்தால் ஒப்புக்கொள்வாயா? அந்த அளவுகோலை அடுத்தவன் மேல் வைக்காதே.

நாம் கம்யூனிஸ்டுகள். வேத வாக்கை நம்பிக் கூலி வாங்கலாம் என்று சொல்கிறவர்கள் அல்ல. ஆனால் கும்பிடுகிற தோழனைக் கேலி செய்து சங்கத்தை விட்டுத் துரத்துகிறவர்களும் அல்ல. அப்படிக் கேலி செய்கிற பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அதையும் இன்றோடு விட்டுவிட வேண்டும்.

இனிமேல் அப்படி ஒரு செய்தி கைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கத்தரித்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? இத்தனை நாள் இல்லாமல் இந்த நேரத்தில் இதைக் கொண்டுவருகிறவன் யார், யார் செலவில்? நாம் அடித்துக்கொண்டால் எவன் வீட்டு அடுப்பு அணையும், எவன் பெட்டி நிறையும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியும்வரை அதை அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். பதில் தெரிந்த பிறகு தள்ளவே மனம் வராது.

பிராங்கன்ஹவுசனில் பிரபுக்கள் மத வித்தியாசத்தை மறந்து ஒன்று சேர்ந்தார்கள். அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா? நாளைக் காலை ஷிப்டு தொடங்குமுன், பேச்சை நிறுத்திய அந்த இரண்டு தோழர்களும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கட்டும். பிறகு இருவருமாகச் சேர்ந்து மானேஜர் அறைக்குப் போய், அந்த மனு என்ன ஆயிற்று என்று கேட்கட்டும். அவர்கள் பின்னால் நாம் எல்லோரும் நிற்போம்.

உழைப்பாளி மக்கள் ஒற்றுமை ஓங்குக!